குளோரினை நிறுத்தச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழாய்த் தண்ணீரில் அடிக்கும் குளோரின் வாடை பற்றி வாசகர்கள் எழுதிவருவதைப் படிக்கிறேன். புற்றுநோய் வரும், குளோரினையே நிறுத்துங்கள் என்று சிலர் கேட்பது பெரும் கவலை தருகிறது. நிறுத்தினால் காலராவும் டைஃபாய்டும் வாசலில் வந்து நிற்கும். நாம் கேட்க வேண்டியது வேறு.

இலை தழை மட்கி நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருளோடு குளோரின் சேர்ந்தால்தான், இந்தப் புற்றுநோய் பயத்துக்குக் காரணமான, குளோரோஃபார்ம் போன்ற ட்ரைஹாலோமீத்தேன் சேர்மங்கள் உண்டாகின்றன. நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் வேதியியலாளர் யோஹான்னஸ் ரூக் 1974இலேயே இதை வெளியிட்டுவிட்டார். அப்படியானால் குளோரின் போடும் முன்பே அந்தக் கரிமப் பொருளை எடுத்துவிட வேண்டும். சென்னைக்குத் தண்ணீர் தரும் புழல், செம்பரம்பாக்கம், வீராணம் எல்லாம் திறந்த ஏரிகள். பாசியும் செத்தையும் சேராமல் இருக்காது.

நான் நீர் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். ஆறு ஜாடிகளில் ஏரி நீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் படிகாரத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக் கலக்குவோம். பாதி ஜாடிகளைத் தாண்டுவதற்குள் கலங்கல் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும். நீர் தெளிந்தது, இந்த அளவு போதும் என்று குறித்துக்கொள்வதே வழக்கம். ஆனால் அந்தத் தெளிந்த நீரை வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் பிடித்தால் லேசான மஞ்சள் தெரியும். அந்த மஞ்சள்தான் நீரில் இன்னும் கரைந்திருக்கும் கரிமப் பொருள்; வில்லங்கம் அதில்தான் இருக்கிறது. படிகாரத்தை மேலும் கூட்டி, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 6 பக்கம் இறக்கினால் அதிலும் கணிசமான பங்கு திரண்டு வந்துவிடும். அப்புறம் சுண்ணாம்பு போட்டு பிஎச்சை ஏற்றிக்கொள்ளலாம். கசடு கூடும், செலவும் கூடும், உண்மைதான். குழந்தைகள் குடிக்கும் தண்ணீருக்கு அந்தச் செலவைச் செய்யலாம். மிச்சத்தை ஆக்டிவேட்டட் கார்பன் வடிகட்டி பிடித்துக்கொள்ளும்.

செலவே இல்லாத வழியும் உண்டு. பாசிக்குப் பயந்து, ஏரி நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழையும்போதே குளோரின் போடுகிறார்கள். முடிந்தவரை அதைத் தவிர்த்து, வடிகட்டிய பிறகு போட்டாலே ட்ரைஹாலோமீத்தேன் குறையும்.

குளோரோஃபார்ம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது நம் 2012ஆம் ஆண்டு இந்தியக் குடிநீர்த் தரநிலை. அமெரிக்காவோ குளோரோஃபார்ம் உட்பட நான்கு ட்ரைஹாலோமீத்தேன்களுக்கும் சேர்த்தே 0.08 மில்லிகிராம் என்று நிறுத்தி, கரிமப் பொருளை முன்கூட்டியே நீக்கவும் 1998இல் விதி போட்டது.

குழாயில் நீர் கிடக்கக் கிடக்க இந்தச் சேர்மங்கள் கூடிக்கொண்டே போகும். ஆகவே நிலையத்து வாசலில் எடுத்த அளவு மட்டும் போதாது. கடைக்கோடித் தெருக் குழாயில் எடுத்த அளவும் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் நிருபர்கள் அதைக் கேட்டு வாங்கி, மாதந்தோறும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீர் ஆய்வாளர்,
சென்னை