கையொப்பத்தைக் கடைசியில் பார்ப்போம்

அன்புள்ள நண்பர் சுந்தரம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மகளின் திருமணம் நல்லபடியாக நடந்தேறியதை அறிந்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம்.

பழம்பொருள் கண்காட்சியில் நீங்கள் கண்ட, மால்டாவின் எம்டினா கண்ணாடிப் பட்டறையின் மீன் வடிவப் பூச்சாடியைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் அதையே சுற்றி வருகிறது. அடியில் கண்ணாடிக் கலைஞர் மைக்கேல் ஹாரிஸின் பெயரே பொறிக்கப்பட்டிருப்பதால் அவர் கையால் ஆனதுதான் என்று நீங்கள் உறுதியாக எழுதியிருந்தீர்கள். அந்த உறுதியைச் சற்றுத் தள்ளிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஹாரிஸ் 1968-இல் மால்டாவில் எம்டினா பட்டறையைத் தொடங்கி, 1972-இல் அங்கிருந்து வெளியேறி, அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் வைட் தீவில் புதிய பட்டறை அமைத்தார். அவர் சென்ற பிறகும் மால்டாவில் அதே வடிவங்களும் அதே நீலப்பச்சை, மணல் நிறங்களும் தொடர்ந்தன. ஆகவே அடியில் பொறித்த 'எம்டினா' என்ற சொல் பட்டறையைத்தான் சொல்கிறது. கண்ணாடியை ஊதிச் செய்தவர் யார் என்பதைச் சொல்வதில்லை. ஹாரிஸின் சொந்தப் பெயர் தாங்கியவை மிக அரியவை, விலையும் பன்மடங்கு. பின்னாளில் யாரேனும் பெயரைச் சேர்த்துவிடும் ஆசைக்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

அமெரிக்காவில் கண்ணாடிக் கலைஞர் டாமினிக் லபீனோ தம் பெயரோடு மாதத்தையும் ஆண்டையும் சேர்த்துப் பொறித்தார். சேகரிப்பவர்களுக்கு அவர் செய்த பேருதவி அது. எல்லாக் கலைஞர்களும் அப்படிச் செய்யவில்லை என்பதால் நாம் கண்ணாடியையே முதலில் படிக்க வேண்டியிருக்கிறது. வைட் தீவின் 1970-களின் படைப்புகள் பலவற்றில் எழுத்தே இராது. செய்யும்போது பொருளின் அடியைத் தாங்கியிருந்த இரும்புக் கோலிலிருந்து பிரித்தெடுத்த இடத்தில், கண்ணாடி சூடாக இருக்கும்போதே அழுத்திய தீச்சுடர் வடிவ முத்திரைதான் இருக்கும். ஆறிய பிறகு அதைச் சேர்க்க இயலாது என்பதால், கீறி எழுதிய பெயரைவிட அதை நான் பெரிதும் நம்புகிறேன்.

உங்கள் பூச்சாடிக்கு வருவோம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்துக்கொண்டு, விளக்கை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்து, அடிப்பாகத்தைப் பாருங்கள். பல ஆண்டுகள் அலமாரியில் இருந்த பொருளின் அடியில், தரையைத் தொடும் விளிம்பில் மட்டும், நுண்கீறல்கள் பல திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பழையதாகக் காட்ட உப்புத்தாளால் தேய்த்து உண்டாக்கிய கீறல்கள் பெரும்பாலும் ஒரே திசையில் வரிசையாக நிற்கும். கையொப்பம் அந்தத் தேய்ந்த பகுதியில் இருந்து, அது உண்மையில் பழையதாகவும் இருந்தால், கீறல்களில் சிலவாவது எழுத்துகளின் மேலேறிக் கடந்திருக்க வேண்டும். மாறாக, எழுத்தின் கோடு எல்லாக் கீறல்களையும் வெட்டிக்கொண்டு சென்று, பள்ளம் வெண்மையாகப் புதிதாக இருந்தால், அது நேற்று எழுதியதாகவே இருக்கக்கூடும்.

பிறகு உடலைப் பாருங்கள். நடுவிலுள்ள வண்ணக் குழலைச் சூழ்ந்து, தெளிந்த தடித்த கண்ணாடி இருபுறமும் துடுப்பாக இழுக்கப்பட்டிருக்கும் அல்லவா? அந்த இழுப்பின் ஓட்டம், வண்ணம் கரையும் எல்லை, எடையின் சமநிலை ஆகியவற்றில்தான் செய்தவரின் கை தெரியும். பெயரே இல்லாவிட்டாலும் வாங்கத்தக்க பொருளா என்பதை அதைக் கொண்டே முடிவு செய்யலாம். நல்ல மீன் சாடி எனில், எம்டினா விலைக்கு மகிழ்ச்சியாக வாங்குங்கள். பெயருக்கென்று கூடுதலாகக் கொடுக்க மட்டும் அவசரப்பட வேண்டாம்.

விலை பேசும் முன் அடிப்பாகத்தின் படங்கள் இரண்டு மூன்று அனுப்பி வையுங்கள். என்னிடமுள்ள சாடிகளோடு ஒப்பிட்டு உடனே எழுதுகிறேன்.

என்றும் அன்புடன்,
கதிரேசன்