மோட்டார் கொட்டகைத் திரைக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் வயல் மோட்டார் கொட்டகையில் போன வாரத்திலிருந்து ஒரு சின்னத் திரை ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று பேஸிலும் எவ்வளவு வோல்ட் வருகிறது, மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா, வயலில் புதைத்த ஓட்டைக் குழாயில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, எல்லாம் பெரிய தமிழ் எழுத்தில் தெரிகிறது. தண்ணீர் மண் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போனால் மறுபடி பாய்ச்ச வேண்டும், அதுவரை மோட்டார் போட வேண்டாம். அப்பா கண்ணாடி போடாமலே வாசலில் நின்று படித்துவிடுகிறார். இந்த வேலையில் பலர் கை இருக்கிறது, வாயால் சொன்ன நன்றி போதாது என்று தோன்றியது, அதனால்தான் இந்த மடல்.

போர்டு இஎஸ்பி32, வைஃபை உள்ள ஒரு சின்னக் கணினிப் பலகை. திரை 320-க்கு 240 புள்ளி, ஐஎல்ஐ9341 சிப். நிரல் மைக்ரோபைத்தானில்தான் (இந்த மாதிரிச் சின்னப் போர்டில் ஓடும் பைத்தான் மொழி) இருக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன், ஏனென்றால் குறுவைக்கு ஒரு கணக்கு சம்பாவுக்கு ஒரு கணக்கு என்று அளவு மாறும்போது ஒரு வரியைத் திருத்தி போர்டை மறுபடி ஆன் செய்தால் போதும், கொட்டகையில் உட்கார்ந்தே என் தங்கை செய்துவிடுவாள். ஆனால் மைக்ரோபைத்தானோடு கூடவே வரும் பிரேம்பப் என்ற வரையும் பாகத்தில் இருப்பது 8-க்கு 8 புள்ளி ஆங்கில எழுத்துதான். பெரிய எழுத்து வேண்டும், தமிழ் வேண்டும் என்றால் எல்விஜிஎல் மாதிரி ஒரு கிராபிக்ஸ் லைப்ரரி வேண்டும். அது பைத்தான் கோப்பைப் போல காப்பி செய்து போட்டுவிடுகிற விஷயம் இல்லை. சி மொழியில் எழுதியது, பர்ம்வேரோடு, அதாவது போர்டின் அடிப்படை நிரலோடு, சேர்த்துக் கம்பைல் செய்துதான் (போர்டுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றித்தான்) ஏற்ற வேண்டும். இங்கேதான் நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டு நின்றேன்.

முதல் நன்றி தஞ்சாவூரிலிருந்து வண்டி எடுத்து வந்த நண்பனுக்கு. கம்பைல் போட்டால் தலைப்புக் கோப்பைக் காணோம் என்று நின்றுவிடும், பார்த்தால் போல்டர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. சப்மாட்யூல்கள், அதாவது உள்ளே சேர்த்திருக்கும் வேறு திட்டங்களின் கோப்புகள், தனியாக இறங்க வேண்டும், அவற்றுக்குள்ளும் சப்மாட்யூல் உண்டு, போன் ஹாட்ஸ்பாட்டில் பாதியில் அறுந்திருக்கிறது. அவன் எல்லாவற்றையும் கம்பைலர் கருவிகளோடு சேர்த்து பென்டிரைவில் கொண்டுவந்து, ராத்திரி பதினொன்றரை வரை கூடவே இருந்தான்.

அப்புறம் மன்னார்குடி அக்காவுக்கு. கம்பைல் முடிந்ததும், நிரல் பகுதியில் இடம் போதவில்லை என்று பிழை வந்தது. போர்டின் 4 எம்பி பிளாஷ் நினைவகத்தில் பர்ம்வேர் நிரலுக்கு 2 எம்பிக்குக் கொஞ்சம் குறைவாகவும், மீதி 2 எம்பி பைத்தான் கோப்புகளுக்கும் என்று முன்னாலேயே பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். எல்விஜிஎல் சேர்ந்ததும் நிரல் அந்தப் பங்கைத் தாண்டிவிட்டது. அக்கா போனிலேயே, "கோப்புக்கு உனக்கு எவ்வளவுடா வேணும், நூறு கேபி கூட இருக்காதே, வரப்பை அந்தப் பக்கம் தள்ளிப் போடு" என்றார். அவ்வளவுதான் விஷயம்! பங்கு அட்டவணையில் இரண்டு வரி மாற்றினேன், காலண்டர், சார்ட் என்று நமக்கு வேண்டாத பாகங்களை அமைப்புக் கோப்பில் அணைத்தேன், நிரல் ஏறிவிட்டது.

திரையை விற்ற கும்பகோணம் கடை அண்ணனுக்கு இரண்டு நன்றி. முழுத் திரைக்கும் நினைவகம் ஒதுக்கினால் 1,53,600 பைட் போய்விடும், வைஃபைக்கும் பைத்தானுக்கும் மிச்சம் வேண்டுமே, பத்தில் ஒரு பங்கு வைத்து 24 வரி 24 வரியாக அனுப்பினால் போதும் என்று அவர்தான் சொன்னார். இரண்டாவது, நிறம். மோட்டார் ஓடுகிறது என்று நான் பச்சை போட்டால் திரையில் சிவப்பு தெரிந்தது, சிவப்பு போட்டால் நீலம். ஓடுகிற மோட்டாரை நின்றுவிட்டது என்று நினைத்து அப்பா ஸ்டார்ட்டரைத் திறந்து பார்க்கப் போய்விட்டார், அன்றைக்கு நான் பதறிப்போனேன். ஒரு புள்ளியின் நிறம் 16 பிட், அதாவது இரண்டு பைட். அவை முன்பின்னாகப் போனால் இப்படித்தான் ஆகும் என்று அண்ணன் ஒரு பார்வையிலேயே சொல்லிவிட்டார். பைட்டை மாற்றிப் போடும் அமைப்பை ஆன் செய்து மறுபடி கம்பைல் செய்ததும் பச்சை பச்சையாக வந்தது.

தமிழ்தான் எல்லாவற்றிலும் கஷ்டம். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் கொம்பின் எண் எழுத்துக்குப் பின்னால்தான் வரும், எல்விஜிஎல் அதை வந்த வரிசையிலேயே வரைகிறது, அதனால் 'மேல்' என்பதில் இரட்டைக்கொம்பு ம-வுக்கு முன்னால் போகாமல் பின்னால் போய் நின்றது. சொற்களைப் படமாக மாற்றிப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடை ஐயா கேட்டார்: "தம்பி, எழுத்தைச் சேக்குற வேலைய போர்டுகிட்ட ஏன் விடுறீங்க, சேந்த எழுத்தாவே குடுத்துடுங்களேன்?" 2010-ல் தமிழக அரசு ஏற்ற டேஸ்16 குறியீட்டில் 247 எழுத்துக்கும் தனித்தனி எண் உண்டு, கொம்பும் காலும் எழுத்தோடேயே இருக்கும். அந்த எழுத்துருவிலிருந்து எங்களுக்கு வேண்டிய அறுபது எழுத்தை மட்டும் எடுத்து, எல்விஜிஎல்லின் எழுத்துரு மாற்றியில் கொடுத்தேன். திரையில் முதலில் வந்த சொல் 'மோட்டார்'. கொம்பு முன்னால், கால் பின்னால், அது அது அதனதன் இடத்தில். ஐயா, அந்தச் சொல்லை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன் தெரியுமா!

முகம் தெரியாதவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். 2013-ல் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் பணம் திரட்டி மைக்ரோபைத்தானைக் கொண்டுவந்த டேமியன் ஜார்ஜ், எல்விஜிஎல்லைத் தொடங்கிய ஹங்கேரிக்காரர் காபோர் கிஷ்-வாமோஷி, சி தலைப்புக் கோப்புகளைப் படித்து பைத்தானுக்கான இணைப்பைத் தானே எழுதிக்கொள்ளும் நிரலை எழுதியவர்கள். எல்லாவற்றையும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் வயர்மேன் அண்ணனுக்கும் நன்றி, மெயின் லைனுக்குப் பக்கத்தில் போர்டை வைக்கவே கூடாது என்று தனிப் பெட்டி அடித்துக் கொடுத்தவர் அவர்.

கம்பைல் செய்த பர்ம்வேர், பங்கு அட்டவணை, எழுத்துக் கோப்பு மூன்றையும் கும்பகோணம் அண்ணன் கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். இதே போர்டும் திரையும் வைத்திருப்பவர்கள் பென்டிரைவோடு போய் வாங்கிக்கொள்ளலாம். திரையின் சிப் வேறாக இருந்தால் டிரைவர் வரியை மட்டும் மாற்ற வேண்டும், எனக்கு எழுதுங்கள், கூடவே இருந்து செய்து தருகிறேன்.