கண்புரை: எல்லாக் கண்ணும் ஒன்றல்ல

ஐயா,

கண்புரை அறுவை என்றால் 'பத்து நிமிட வேலை, காலையில் போனால் மாலையில் வீடு' என்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது சரிதான். என் அப்பாவுக்கு அப்படி அமையவில்லை. அவருக்கு இருந்தது சூடோஎக்ஸ்ஃபோலியேஷன். கண்மணியின் ஓரத்திலும் கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸின் மேலும் பொடுகு போல வெண்படிவு சேரும் கோளாறு. 1917இல் பின்லாந்தில் லிண்ட்பெர்க் என்ற மருத்துவர் விவரித்தது என்பதால் குளிர்தேச நோய் என்று நினைத்துவிட வேண்டாம். தென் தமிழகக் கிராமங்களிலும் வயதானவர்களிடம் இது இருக்கிறது.

இந்தக் கண்ணில் லென்ஸைத் தாங்கும் மெல்லிய நார்கள் இற்றுப்போயிருக்கும். சொட்டு மருந்து எத்தனை விட்டாலும் பலருக்குக் கண்மணி சரியாக விரியாது. குறுகிய வாசல், உள்ளே கயிறு நைந்த தொட்டில். அதில்தான் மருத்துவர் வேலை செய்ய வேண்டும். நார் அறுந்தால் லென்ஸ் கண்ணின் பின்பக்கம் விழக்கூடும். அப்புறம், நன்றாக வைத்த செயற்கை லென்ஸே பல ஆண்டுகள் கழித்து நழுவுவதும் உண்டு. கண் அழுத்தம் வேறு ஏறக்கூடும்.

முன்பே தெரிந்தால் கண்மணியை விரிக்கும் கொக்கியும் லென்ஸைச் சுற்றியிருக்கும் பையைத் தாங்கும் வளையமும் தயாராக இருக்கும். அப்பாவுக்கு வளையத்தைத் தேடியதே பாதி அறுவையில்தான்!

கண் முகாம்களில் கண்மணியை விரித்து, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் இந்தப் படிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால், கூடுதல் ஆபத்தைத் தமிழிலேயே ஒப்புதல் படிவத்தில் எழுதித் தரச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகர், திருநெல்வேலி