டியூனர் விற்பவர்களே, மேப்பின் ஜாதகத்தைக் கொடுங்கள்

பைக்குகளுக்கு ஃபியூயல் இன்ஜெக்ஷன் டியூனர் விற்கும் கடைக்காரர்களுக்கும், அவற்றுக்கு மேப் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

டியூனர் எதற்கு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் அளவைத் திருத்தும் பெட்டி அது, எப்போது எவ்வளவு என்று அதற்குள் எழுதிய அட்டவணைதான் மேப். சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிவிட்டு வருகிறவனைத்தான் தினமும் பார்க்கிறீர்கள். காற்று கூடிவிட்டது, பெட்ரோல் பழைய அளவிலேயே நிற்கிறது, ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சருக்குள் பட் பட் என்று வெடிக்கிறது. அப்படி வந்தவர்களில் நானும் ஒருவன். என்னுடையது 648 சிசி இன்டர்செப்டர். இரண்டு சிலிண்டர், இரண்டு இன்ஜெக்டர், இரண்டு ஓ2 சென்சார். வண்டியை மாற்றியது நான்தான், அந்தப் பொறுப்பை யார் தலையிலும் கட்டவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

டியூனர் வாங்க ஐந்து இடங்களில் பேசினேன். ஐந்திலும் முதல் கேள்வி, "பட்ஜெட் எவ்வளவு ப்ரோ?" என்ன சைலன்சர் போட்டிருக்கிறேன், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறதா எடுத்துவிட்டேனா, ஏர்பாக்ஸ் மூடி இருக்கிறதா, நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுவேனா மலையிலா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடைசியில் 26,000 ரூபாய் கொடுத்து ஒரு பெட்டியை வாங்கினேன். ஓ2 சென்சார் இரண்டையும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் செருக இரண்டு சின்ன கனெக்டர்களும் கூடவே வந்தன. "இந்த மேப் எந்த வண்டியில் வைத்துப் போட்டது?" என்று கேட்டேன். "யுனிவர்சல் மேப் ப்ரோ, நல்லா போகும். ஒரு 100 கிலோமீட்டர் ஓட்டுங்க, ஈசியு தானா கத்துக்கும்" என்றார்.

ஈசியு என்பது இன்ஜினை ஆட்டிவைக்கும் சின்னக் கம்ப்யூட்டர். அது எப்படிக் கற்றுக்கொள்ளும்? புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஓ2 சென்சார் பார்க்கிறது. 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கி, பெட்ரோல் போதவில்லை, கூடிவிட்டது என்று மாற்றி மாற்றிச் சொல்கிறது. அதைக் கேட்டுத்தான் ஈசியு கூட்டுகிறது, குறைக்கிறது, நினைவிலும் வைத்துக்கொள்கிறது. அந்தச் சென்சாரைக் கழற்றச் சொன்னவரே, ஈசியு தானாகக் கற்றுக்கொள்ளும் என்றும் சொன்னார். அன்றைக்கு எனக்கு இது தெரியாது. விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

போன மே மாதம் தம்பியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினேன். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதைத் தாண்டியதும் வண்டி மாறிப்போனது. வளைவிலிருந்து வெளியே வந்து ஆக்ஸிலேட்டரைத் திறந்தால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டியதுபோல ஒரு சத்தம். வெயிலாக இருக்கும் என்று நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டு மறுபடி ஏறினேன். நாற்பதாவது வளைவுக்கு அப்புறம் இழுவையே இல்லை. தொடைக்குக் கீழே அடுப்பு மாதிரி அனல். தம்பி இறங்கி நடந்தான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. அந்த இடத்தில் வண்டியை உருட்டி ஓரம் கட்டிய பதற்றம் இன்னும் போகவில்லை. இரண்டு மணி நேரம் காத்திருந்து, மேலிருந்து காலியாக இறங்கிய ஒரு குட்டியானையில் ஏற்றி நாமக்கல் கொண்டு வந்தோம்.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் பிளக்குகளைக் கழற்றி ஒரு பழைய துணியில் வைத்தார். நன்றாக எரியும் இன்ஜினில் பிளக்கின் பீங்கான் காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். இவை சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாக இருந்தன. இடப்பக்க பிளக்கின் வெள்ளையில் மிளகுத்தூளைத் தூவியதுபோலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். அண்ணன் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது கரி இல்ல தம்பி, பிஸ்டன்" என்றார். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் இடப்பக்க பிஸ்டனின் விளிம்பு அரித்திருந்தது.

பிஸ்டன் மாற்றிய பிறகு, வேறொரு ஊரில் டைனோ, அதாவது வண்டியை உருளைமேல் ஓட்டி அளக்கும் இயந்திரம், வைத்திருக்கும் ஒருவரிடம் போனேன். அவர் பட்ஜெட் கேட்கவில்லை. முதலில் சைலன்சர் முனைக்குள் விரலை விட்டுத் துடைத்து நிறம் பார்த்தார். பிறகு டியூனரை லேப்டாப்பில் சொருகி, காற்று-எரிபொருள் விகிதத்தை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் சென்சார் மாட்டி, அதே மேப்பில் ஒரே ஒரு ஓட்டம் ஓட்டினார். முழு ஆக்ஸிலேட்டரில் 13 அருகே இருக்க வேண்டிய காற்று-எரிபொருள் விகிதம் 14.6-இல் நின்றது, அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பாதியிலேயே நிறுத்திவிட்டார். போதாததற்கு இக்னிஷன், அதாவது பிளக் பொறி விடும் நேரம், 4 டிகிரி முன்னால் தள்ளப்பட்டிருந்தது. அது எனக்குச் சொல்லப்படவே இல்லை.

மேப் எங்கிருந்து வந்தது என்று விற்ற கடையைத் துரத்தித் துரத்திக் கேட்டபோது, மூன்று வாரம் கழித்து ஒரு வரி பதில் வந்தது. வெளிநாட்டில், எத்தனால் கலக்காத பெட்ரோலில், கேட்டலிடிக் கன்வெர்ட்டரோடு இருந்த வண்டிக்கு எழுதிய மேப் அது.

இங்கே பங்க்கில் நமக்கு ஊற்றுவது இ20. எத்தனால் இல்லாத பெட்ரோல் 1 கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் சுமார் 13.5 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு 8, 9 சதவீதம் கூடுதலாக எரிபொருள் ஊற்ற வேண்டும். சென்சார் இருந்திருந்தால் ஈசியு அதில் பெரும்பகுதியை ஈடுகட்டியிருக்கும். அதைத்தான் கழற்றச் சொல்லிவிட்டீர்களே! இ20-க்கு ஆக்டேன் அதிகம், நாக்கிங் (நான் கேட்ட அந்தக் கூழாங்கல் சத்தம்) வராது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். ஆக்டேன் அதிகம்தான். பெட்ரோல் இவ்வளவு குறைந்த, லீனான கலவையில், இக்னிஷனையும் முன்னால் தள்ளிவிட்டு, இரண்டு ஆள் பாரத்தோடு மே மாதத்தில் மலையேறும் இன்ஜினை அந்த ஆக்டேன் காப்பாற்றாது. என் பிஸ்டனைக் காப்பாற்றவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். மேப்பின் ஜாதகத்தைக் கொடுங்கள். எந்தச் சைலன்சர், எந்த ஃபில்டர், எந்தப் பெட்ரோல், எந்த டைனோவில் அளந்தது, ஓ2 சென்சார் இருக்கும்போதா இல்லாமலா, இக்னிஷனைத் தொட்டீர்களா. ஒரு தாளில் அடங்கிவிடும். கூடவே அந்த ஓட்டத்தின் காற்று-எரிபொருள் வரைபடம் ஒன்று. குதிரைத்திறன் வரைபடத்தை மட்டும் பெரிதாகப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே வர வேண்டிய இந்த வரைபடத்தை ஏன் வெட்டிவிடுகிறீர்கள்?

ஒரே விலைப்பட்டியலில் எல்லாவற்றையும் 'டியூனர்' என்று போடுவதையும் நிறுத்த வேண்டும். வெப்பநிலை சென்சாரை ஏமாற்றி, எப்போதும் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வைக்கும் ரெசிஸ்டர் துண்டும் டியூனர். ஈசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து ஆர்பிஎம்முக்கும் த்ராட்டிலுக்கும் ஏற்பப் பெட்ரோல் தெளிக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் பிக்கிபேக் பெட்டியும் டியூனர். வைட்பேண்ட் சென்சாரோடு தானே திருத்திக்கொள்வதும், ஈசியுவையே திறந்து எழுதும் ஃபிளாஷும்கூட அதே பெயரில்தான் வருகின்றன. வெறும் ஸ்லிப்-ஆன், அதாவது சைலன்சரின் பின்பகுதியை மட்டும், மாட்டியவனுக்கு, சென்சாரைக் கழற்றாமல் லேசாகத் திருத்தும் சின்னப் பெட்டியே போதும், பல சமயம் அதுவும் தேவைப்படாது. இன்ஜினுக்குள்ளேயே கை வைத்துக் கேம் மாற்றியவனுக்கு, கம்ப்ரெஷன் ஏற்றியவனுக்கு டைனோவில் ஏற்றாமல் எதைக் கொடுத்தாலும் தவறு. இதை வாங்குகிறவனிடம் சொல்ல ஐந்து நிமிடம் ஆகுமா?

கார்புரேட்டர் காலத்தில் எங்கள் தெருவில் இருந்த மெக்கானிக்குப் பள்ளிப் படிப்பு கிடையாது. பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்றுவார், அரை மணி ஓட்டிவிட்டு வரச் சொல்வார், பிளக்கைக் கழற்றி நம் கையிலேயே கொடுத்து, "நீயே பாரு" என்பார். மறைக்க ஒன்றும் இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு புதிய வண்டி கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் கணக்கு ஒரு கருப்புப் பெட்டிக்குள் போய்விட்டது. வண்டி செய்கிற கம்பெனிகள் அதைப் பூட்டி வைத்திருக்கின்றன, சர்வீஸ் சென்டர்கள் டியூனரைப் பார்த்ததும் வாரண்டி இல்லை என்று கையை விரிக்கின்றன. வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு சொல்வது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஏமாந்தவன் புகார் கொடுக்கவும் தயங்குகிறான். இத்தனை கதவும் மூடியிருக்கும்போது ஒரு ரைடருக்கு மிச்சம் இருப்பது உங்கள் வார்த்தை ஒன்றுதான். 'ரேஸ் டிராக்கிற்கு மட்டும்' என்று பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, சாலையில் ஓட்டுகிறவன் என்று தெரிந்தே விற்பது நியாயம் இல்லை. அந்த வளைவில் வண்டி நின்றபோது கூட இருந்தது என் தம்பி.

கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். உங்களில் பலர் ராத்திரி பகலாக வண்டியோடு கிடந்து இந்த வேலையைக் கற்றவர்கள் என்று அறிவேன். என் வண்டியைச் சரிசெய்து கொடுத்தவரும் அப்படி ஒருவர்தான். இந்த ஊர் வெயிலில், இந்த ஊர் பெட்ரோலில் அளந்த மேப் ஒன்றை, அளந்த காகிதத்தோடு கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். டைனோ இல்லாத சின்னக் கடை என்றால் பரவாயில்லை. "இந்த மேப்பை நாங்கள் அளக்கவில்லை, சென்சாரைக் கழற்றாதீர்கள், ஒருமுறை வைட்பேண்ட் வைத்துப் பார்த்துவிட்டு மலை ஏறுங்கள்" என்று சொல்லிவிட்டு விற்கலாம். தயவுசெய்து அதையாவது செய்யுங்கள்.

அடுத்த மாதம் நண்பன் ஒருவனின் வண்டிக்கு டியூனர் வாங்கப் போகிறோம். அவனும் ஸ்லிப்-ஆன் மாட்டியிருக்கிறான், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அப்படியே இருக்கிறது, ஓடுவது இ20-இல். அந்த இரண்டு பிளக்குகளையும் துணியோடு எடுத்துக்கொண்டு கடை கடையாக வருவேன். மேப்பின் ஜாதகம் எங்கே கிடைக்கிறதோ அங்கே பணம் கொடுப்போம்.

அன்புடன்,
நாமக்கல்லிலிருந்து ஒரு ரைடர்