நண்டலாற்றங்கரைக் கடை: மாமாவுக்கு ஒரு கடிதம்

மாமாவுக்கு,

கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அம்மா போட்டாள், நான் கூட நின்றேன், நம் சாராயக்கடை இருந்த இடம் கைமாறிவிட்டது. வாங்கியவர் இறால் தீவனம் அடுக்கக் கிடங்கு கட்டப்போகிறார். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டோம், அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் கேட்டிருந்தால் பொங்கல் போகட்டும், தீபாவளி போகட்டும் என்று இழுத்திருப்பீர்கள், அதற்குள் வடக்குச் சுவர் தானாகவே ஆற்றில் இறங்கியிருக்கும். அம்மாச்சி அந்த இடத்தை மகன் பேரில் எழுதாமல் மகள் பேரில் ஏன் எழுதினாள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இங்கே வேண்டாம்.

நீங்கள் போனை எடுப்பதில்லை. நான் இங்கே எழுதுவதை உங்கள் மகள் படிக்கிறாள், உங்களுக்குப் படித்தும் காட்டுகிறாள் என்று கேள்விப்பட்டேன், அதனால்தான் இந்த வழி. பொறையாறு, காரைக்கால் ஆட்களும் இதைப் படிப்பார்கள், எந்தக் கடை என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே சில இடங்களில் பூசி மெழுகித்தான் எழுதுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஜேசிபி வருவதற்கு முந்தின நாள் உள்ளே போய்ப் பார்த்தேன். கல்லாமேசை போட்டிருந்த இடம் காரை பெயர்ந்து கிடக்கிறது, ஆற்றுப் பக்கத்து ஜன்னலில் கம்பி இல்லை, அந்த வழியாகத்தான் டேனிஷ் துரையின் பேய் கையை நீட்டும் என்று நீங்கள் சொல்வீர்களே, அது நினைவுக்கு வந்து தனியாக நின்று சிரித்தேன். பேய்க்கதையில் உங்களை அடித்துக்கொள்ள இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. 1620-இல் ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கித் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள், 1845-இல் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனியிடம் விற்றுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார்கள், போகிற அவசரத்தில் ஒரு சிப்பாயை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், அவன் தினமும் ராத்திரி கடலோரமாகவே நடந்து நம் கடைக்கு வந்து சுருட்டுக்கு நெருப்புக் கேட்பான். கொடுத்தால் போச்சு. "ஏண்டா, கோட்டையிலேயே கீழ் அறையில பீப்பாய் பீப்பாயா வச்சிருந்தவன், நம்ம கடைக்கு ஏன் வரணும்?" என்று யாராவது கேட்டால், "அங்க கடன் சொல்ல முடியாதுல்ல" என்பீர்கள். கடையே அதிரும்.

அடுத்தது ட்யூப்காரன். இதைத்தான் நீங்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வீர்கள். 1948-இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்துவிட்டது, ஆற்றுக்குத் தெற்கே காரைக்காலில் மட்டும் பிரெஞ்சுக்காரன் ராஜ்ஜியம், தஞ்சாவூர் ஜில்லாவே இந்தக் கரையைப் பார்த்து வந்த காலம். தாத்தா கடைக்கு அதுதான் பொற்காலம் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள், கொஞ்சம் கூச்சத்தோடு. திரும்பிப் போகும்போது வடகரையில் போலீஸ் நின்று வாயை ஊதச் சொல்லுமாம், குடித்தவன் அகப்பட்டுக்கொள்வான். விற்பவன் பாலத்துப் பக்கமே போகமாட்டான், லாரி ட்யூபில் சாராயத்தை அடைத்து, வாயைக் கயிற்றால் இறுக்கி, இருட்டில் ஆற்றில் இறங்கிவிடுவான். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரன் போன பிறகும் காரைக்காலுக்குச் சட்டம் வேறாகவே இருந்ததால் இந்தப் பிழைப்பு நிற்கவில்லை. 1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்தியபோது நம் கடை ஈயாடியதும், அங்கே மறுபடி மூடியதும் இங்கே பந்தல் போட்டதும் நீங்களே பார்த்தது. அந்த ட்யூப்காரர்களில் ஒருவன் ஐப்பசி வெள்ளத்தில் போய்விட்டான், மழைக்கால ராத்திரியில் கடைக்குள் ரப்பர் வாடை அடித்தால் அவன் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். ஒரு கிளாஸ் ஊற்றி வாசற்படியில் வைத்துவிட வேண்டும்.

காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கும்போது உங்களிடம் கேட்டேன். சாராயம் தண்ணீரைவிட லேசு மாமா, ட்யூப் நிறைய இருந்தாலும் மிதக்கத்தான் செய்யும், அதைப் பிடித்துக்கொண்டு போனவன் எப்படி முழுகினான்? நீங்கள் சிரிக்கவில்லை. "படிச்சவள்ளாம் கடைப் பக்கம் வராதே" என்றீர்கள். அப்புறம் ஒருநாள் நீங்களாகவே சொன்ன பதிலை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் குடும்பம் இன்னும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது, அவன் பேத்தியோடு ஒரே பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒரு ஆளை என்ன செய்தார்கள் என்று பேசாமல் இருப்பதற்காக அவனைப் பேயாக்கி, வருஷா வருஷம் ஒரு கிளாஸ் ஊற்றிக் கணக்கைத் தீர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. தாத்தாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, அதை விடுங்கள். நான் எழுத உட்கார்ந்தது அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

ஏழாம் வகுப்பு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், 2004. அப்பாவைக் கூட்டிவரச் சொல்லி அம்மா அனுப்பினாள், நான் பாலத்தைத் தாண்டி வந்து வாசலிலேயே நின்றேன், உள்ளே வரக்கூடாது என்று நீங்கள் போட்ட சட்டம். அப்பா மூலையில் உட்கார்ந்து மீன் வறுவலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். யாரோ "ஆத்தைப் பாருடா" என்றார்கள். நண்டலாறு மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. ஆகாயத்தாமரை, வலைக் கந்தல், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் ஊரைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. துளி சத்தம் இல்லை. தண்ணீர் இரண்டாம் படிக்கு ஏறியபோது நீங்கள் என் கையைப் பிடித்துத் தூக்கிக் கல்லாப்பெட்டி மேல் உட்கார வைத்தீர்கள். எல்லாரும் மேற்கே ஓடினார்கள், அப்பா மட்டும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடினார்.

மத்தியானத்துக்கு மேல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தூக்கிப் போட்டுவிட்டு வந்தவர்கள். பேசவில்லை, கேட்கவில்லை, வந்து நின்றார்கள், நீங்கள் ஊற்றினீர்கள். உங்கள் இரண்டு கையும் போதாமல் என்னிடம் கிளாஸை வரிசையாக எடுத்து வைக்கச் சொன்னீர்கள், அப்புறம் என்னையே ஊற்றச் சொன்னீர்கள். ஒருவர் கிளாஸை வாங்கவில்லை. தன் கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர முடியவில்லை என்றார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் அவர் வாயில் ஊற்றினேன். தாடையில் வழிந்தது, என் பாவாடையில் துடைத்துவிட்டேன். அவர் கண்ணை மூடவே இல்லை.

அன்றைக்கு நீங்கள் இரண்டு மடங்கு விலைக்கு விற்றீர்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது, இப்போதும் இருக்கிறது. படிக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்: நான் உட்கார்ந்திருந்தது கல்லாப்பெட்டி மேல். சாயங்காலம் வரைக்கும் என்னை இறங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஆனால் அதற்கப்புறம் அப்பாவுக்கு ஏன் ஊற்றினீர்கள்? அந்த வாரம் முழுக்க அவர் குழி வெட்டினார், அப்போது குடித்தது எனக்குப் புரிகிறது. அடுத்த வருஷம்? அதற்கடுத்த வருஷம்? கூடப்பிறந்தவள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று தெரியும் உங்களுக்கு, பள்ளிக்கூடத்துக்கு எனக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்ததே நீங்கள்தான், அதே கையால்தான் நோட்டில் அவர் பேருக்கு நேரே எழுதிக்கொண்டிருந்தீர்கள். நான் ஊற்றாவிட்டால் இன்னொருத்தன் ஊற்றுவான், என் கண் முன்னால் குடிக்கட்டும் என்று அம்மாவிடம் சொன்னீர்களாம். அது பொய்யும் இல்லை. கடையை ஏலத்தில் எடுத்த வருஷம், சர்க்காருக்குக் கிஸ்தி கட்ட வேண்டும், கடையில் கூட்டம் குறைந்துவிட்டது, அதுவும் பொய் இல்லை. இரண்டில் எது என்று உங்களுக்கே தெரிந்திருக்காது என்றுதான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் ஆகிறது, மாத்திரைக்குக் காசு வேண்டும், அந்தச் சுவரை நான் வேறு எப்படிக் காசாக்குவது?

இன்னொன்று. சுனாமிக்குப் பிறகு நீங்கள் பேய்க்கதையே சொல்லவில்லை. கவனித்திருக்கிறேன். அந்த நாட்களில் மீனை யாரும் தொடவில்லை, மீன் எதைத் தின்றதோ என்று பயம், கடையில் தொட்டுக்க அவித்த முட்டையும் கடலையும்தான். வெளியூர் ஆள் யாரோ "துரை வர்றானாமே" என்று கேட்டதற்கு, "அவன் போயிட்டான்" என்றீர்கள். எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கரையில் ராத்திரி அழுகுரல் கேட்கிறது என்று சொல்லாத வீடு கிடையாது அப்போது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்துப்போன வருஷம். அந்தக் குரலுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். துரைக்கு ஆள் இல்லை, அதனால் அவனை வைத்துச் சிரிக்க முடிந்தது. ட்யூப்காரனுக்கு ஆள் இருந்தது, ஆனால் அவர்கள் கேட்கிற இடத்தில் நீங்கள் அதைச் சொன்னதே இல்லை. அந்த அளவுக்கு உங்களுக்கு நியாயம் தெரியும். அதுதான் எனக்கு எரிகிறது.

இனி வேலைப் பேச்சு. பின்பக்கத்து முனி கல்லை ஜேசிபி டிரைவர் தொடமாட்டேன் என்கிறார். ஒரு சேவல், ஒரு குவார்ட்டர், ஒரு கட்டு சுருட்டு வேண்டுமாம், அதுவும் உரிமைக்காரர் கையால் வைக்க வேண்டுமாம். உரிமைக்காரர் நான்தான் என்றேன், பொம்பளை வைத்தால் முனி ஏற்காது என்கிறார். அந்தக் கடையில் ஒரு நாள் பூராவும் ஊற்றிய கை இது என்று அவருக்கு எப்படிச் சொல்ல? வாங்கியவர் மாதக் கடைசி வரை பொறுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். நீங்கள் வந்தால் நீங்கள் வையுங்கள். வராவிட்டால் நான் வைப்பேன், முனிக்குப் பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி.

கடன் நோட்டு. எல்லாவற்றையும் எரித்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னீர்கள். எரித்திருக்க மாட்டீர்கள், ஓட்டை அண்டாவையே எடைக்குப் போடாமல் திருப்பூருக்குத் தூக்கிக்கொண்டு போனவர். அதில் அப்பா பக்கத்தை மட்டுமாவது போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பங்கென்று அம்மா ஒரு தொகை ஒதுக்கி வைத்திருக்கிறாள், சட்டப்படி தரவேண்டியதில்லை, கொடுத்தே ஆகவேண்டும் என்கிறாள். பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் அதோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள்.