மல்லேஸ்வரம் அரசமரத்தடிப் பிள்ளையார் கோயில்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். கும்பாபிஷேகம் நல்லபடியாக நடந்தது, 48 நாள் மண்டலாபிஷேகமும் போன வாரம் பூர்த்தியானது. ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட வரவு செலவுக் கணக்கைக் கோயில் பலகையில் ஒட்டியிருக்கிறோம், ரசீதுப் புத்தகங்களை யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம். அதனால் கணக்கை இங்கே மறுபடி எழுதவில்லை. வேலை ஏன் நாலு மாதம் தள்ளிப்போனது, பொதுக்குழுவில் காட்டிய வரைபடம் ஒன்று, கட்டியது வேறு ஒன்றாக இருக்கிறதே என்று பலர் கேட்டீர்கள், முக்கியமாக வெளியூரிலிருந்து பணம் அனுப்பியவர்கள். அதற்கான பதில்தான் இது.

காரணம் அரசமரம். முன்மண்டபத்தைக் கிழக்கே எட்டு அடி நீட்டி, மரத்தைச் சுற்றிக் கான்கிரீட் தளம் போட்டு, குறுக்கே வரும் இரண்டு பெரிய கிளைகளை எடுத்துவிடுவது என்றுதான் முதல் திட்டம். பொதுக்குழுவில் எல்லாரும் கை தூக்கினோம், கமிட்டியும் சேர்த்துத்தான். பாலாலயம் (திருப்பணி முடியும்வரை சுவாமியைத் தற்காலிக இடத்தில் வைப்பது) முடிந்த மறுநாள் தூண் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். கையால்தான் தோண்ட வேண்டும் என்று ஒப்பந்தக்காரரிடம் சொல்லியிருந்தோம், ஆனால் காலை ஏழு மணிக்கு நாங்கள் யாரும் வருவதற்கு முன்பே அவர் பொக்லைன் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, தொடை கனத்துக்கு இருந்த ஒரு வேரை அறுத்துவிட்டார். போய்ப் பார்த்தபோது வெட்டிய இடத்தில் பால் கசிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஒருவராவது ஆறரை மணிக்கே போய் நின்றிருக்க வேண்டும், அது கமிட்டியின் தவறு.

எதிர்வீட்டு அஜ்ஜி (கன்னடப் பாட்டி) வெளியே வந்து அழுதுவிட்டார். கன்னடத்தில் அரசமரத்துக்கு அரளி மரம் என்று பெயர் (நம் அரளிச் செடி வேறு), மேடையோடு சேர்த்து அரளி கட்டெ என்பார்கள். திங்கட்கிழமையில் அமாவாசை வந்தால் அவர் 108 சுற்று சுற்றுவார், நாகபஞ்சமிக்கு அங்கே இருக்கும் நாகக்கல்லுக்குப் பால் ஊற்றுவார். நாம் கோயில் கட்டுவதற்கு முன்பிருந்தே அவர் அதைச் செய்கிறார். மரத்தடியில் பிள்ளையார் இருந்தார், அப்புறம்தான் நாம் சுவர் எழுப்பினோம் என்பதை நாமே மறந்துபோயிருந்தோம்.

அன்றே வேலையை நிறுத்தினோம். கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976-ன்படி கிளை வெட்டவும் அனுமதி வேண்டும். அதற்குக் கொடுத்திருந்த மனுவைத் திரும்பப் பெற்றோம். தோட்டக்கலைத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் வந்து பார்த்து, வெட்டுப்பட்ட வேரைவிடப் பழைய மேடைதான் பெரிய ஆபத்து என்றார். முந்தைய திருப்பணியில் அடிமரம்வரை சிமெண்ட் பூசி அழகு பண்ணியிருந்தோம், மழைத்தண்ணீர் இறங்கவே வழியில்லை. தில்லியில் 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை எடுக்கச் சொன்னதை அவர்தான் எடுத்துக்காட்டினார். சரி, நாமும் செய்வோம் என்று முடிவானது. பழைய சிமெண்ட் முழுவதையும் உளியால் கொத்தி எடுத்தோம், அதற்கு மட்டுமே மூன்று வாரம் ஆனது. அப்புறம் மணல் பரப்பி, சாதரஹள்ளிக் கருங்கல் பலகைகளைப் பூச்சு இல்லாமல், விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுப் பதித்தோம். மண்டபத்தைக் கிழக்கே நீட்டவில்லை. வடக்கே நாலு அடி மட்டும் நீட்டினோம், கூரையில் கிளை போவதற்கு ஒரு வாய் விட்டிருக்கிறோம். அந்த இடத்தில் மழை உள்ளே விழும். விழட்டும் என்று ஸ்தபதியும் சொல்லிவிட்டார்.

இடையில் ஒரு பெரிய பயம். பிப்ரவரியில் மரம் மொத்தமாக இலை கொட்டியது. அரசமரம் அந்தச் சமயத்தில் இலை உதிர்ப்பது வழக்கம்தான், ஆனாலும் வேரை அறுத்தபிறகு அதைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமாக இல்லை, குருக்கள் தினமும் காலையில் கிளைகளை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் நடை திறப்பார். மார்ச்சில் செம்பு நிறத்தில் தளிர் விட்டது. அந்தத் தளிரின் படத்தைப் பார்த்து அழுததாக மூன்று பேர் போன் செய்தீர்கள்.

மற்ற வேலைகள்: விமானத்தில் உடைந்த சுதை உருவங்களைச் சரிசெய்து பஞ்சவர்ணம் தீட்டியாயிற்று. கலசத்தில் புது வரகு நிரப்பினோம். சிலையைப் பீடத்தோடு ஒட்டும் அஷ்டபந்தன மருந்துக்குக் கொம்பரக்கு, குங்கிலியம், எருமை வெண்ணெய் எல்லாம் சேர்த்து இடித்த நாளில் தெருப்பிள்ளைகள் முறைபோட்டு உலக்கை பிடித்தார்கள்.

இனி சத்தம். 1898-ல் பிளேக் வந்தபோது பெங்களூரின் பழைய பேட்டை நெரிசலிலிருந்து ஜனங்கள் காற்று தேடி வந்து சேர்ந்த பகுதி மல்லேஸ்வரம். அகலத் தெருவும் வீட்டுக்குப் பின்னால் துப்புரவு வேலைக்கான கன்சர்வன்சி சந்தும் விட்டு அமைத்தது, சம்பிகே ரோடு, மார்கோசா ரோடு என்று சண்பகமும் வேம்பும்தான் தெருப்பெயர்கள். நம்மில் பாதிப் பேர் இங்கே வந்ததே இந்த நிழலுக்காகவும் அமைதிக்காகவும்தான். கல் அறுக்கும் மெஷினை அந்தத் தெருவில் ஓட்டினோம். காலை பத்திலிருந்து ஒரு மணி, மாலை மூன்றிலிருந்து ஐந்து என்று நேரம் வைத்தோம், பரீட்சை வாரங்களில் நிறுத்தியே வைத்தோம், தாமதத்தில் அதுவும் ஒரு பங்கு. பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் வீடு வீடாகப் போய்ப் பிரசாதம் கொடுத்து நன்றி சொன்னோம்.

மரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியையும் கழற்றிவிட்டோம். இதில் சிலருக்கு வருத்தம் என்று தெரியும். மார்கழியில் படுக்கையிலிருந்தே திருப்பாவை கேட்ட பெரியவர்கள் சொன்னது எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பதுதான் வரம்பு. இனி மண்டபத்துக்குள் இரண்டு சின்னப் பெட்டிகள் மட்டும், அவையும் காலை ஆறு மணிக்கு மேல்தான். நடக்க முடியாத பெரியவர்களை மார்கழி முழுக்க அழைத்துவர இரண்டு பேர் கார் தருகிறோம் என்றிருக்கிறார்கள்.

நன்கொடையாளர் பெயர்: படிக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று என்று பொறிக்கவில்லை, எல்லாப் பெயரும் அகர வரிசையில் ஒரே கல்லில் இருக்கிறது, தொகை போடவில்லை. நம் மல்லேஸ்வரத்துப் பழைய சிவன் கோயிலான காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு ஏகோஜி, அதாவது பிற்பாடு தஞ்சாவூரில் மராத்திய ஆட்சியைத் தொடங்கியவர், ஒரு கிராமத்தையே எழுதிவைத்ததற்கு 1669-ல் வெட்டியதும் ஒரே கல்வெட்டுதான். பெயர் விட்டுப்போயிருந்தால் இந்த மாதத்துக்குள் சொல்லுங்கள், கல்லின் அடியில் இடம் விட்டிருக்கிறோம்.

பாக்கி இருப்பது இரண்டு வேலை. மழைத்தண்ணீர்த் தொட்டிக்கு வடிகட்டி போடவில்லை, அதற்குப் பணம் ஒதுக்கியாயிற்று. அப்புறம், உதிரும் இலையைப் பின்சந்தில் எரிக்காமல் மக்க வைக்க ஒரு கம்பிக்கூடு வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு அதைக் கிளறிவிட நாலு பேர் வேண்டும்.