நீ அனுப்பிய பாட்டுகள்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, சாயங்காலம் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறார்.

நீ ஞாயிற்றுக்கிழமை ஜப்பானிலிருந்து அனுப்பிய பாட்டுகளை வாரம் பூராவும் கேட்டுக்கொண்டிருந்தேன். "எல்லாம் புதுப் பாட்டுதான் அம்மா, ஆனால் பழைய ஜப்பான் வாசம் அடிக்கிறது, ஏன் என்று சொல்லேன்" என்று கேட்டிருந்தாய். ஒன்பதாம் வகுப்பில் பாட்டு கிளாஸை நிறுத்திய பிறகு, ஸ்வரம் பற்றி என்னிடம் நீ வாய் திறந்து கேட்பது இதுதான் முதல் தடவை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் வீடியோ கால் போட்டபடியே கடையில் தயிர் தேடிக்கொண்டிருந்தாயே, அப்போது கடை சாத்தும் நேரம் என்று ஒரு மெட்டு போட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? நீ போனை வைத்ததும் சுருதிப் பெட்டியை எடுத்து அதைப் பாடிப் பார்த்தேன். ச ரி க ப த. நம் மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரம், வேறு ஒன்றும் கிடையாது. விசாரித்தால் அது ஸ்காட்லாந்து நாட்டுப் பாட்டாம்! 1881ஆம் ஆண்டுப் பள்ளிப் பாட்டுப் புத்தகத்தில் ஜப்பானிய வரிகளோடு சேர்த்திருக்கிறார்கள். 'ஹொதாரு நோ ஹிகாரி', அதாவது மின்மினி வெளிச்சம். படிப்பு முடிந்து பிரியும் பிள்ளைகள் பாடுவது. எங்கிருந்தோ வந்த மெட்டு அவர்களுடையதாகவே ஆகிவிட்டதற்கு அந்த ஐந்து ஸ்வரம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த வரிசைக்கு அங்கே 'யோனா நுகி' என்று பெயர். யோ என்றால் நாலு, நா என்றால் ஏழு, நுகி என்றால் நீக்கியது. ஏழு ஸ்வரத்தில் நாலாவதையும் ஏழாவதையும் எடுத்துவிட்டால் மத்தியமமும் (ம) நிஷாதமும் (நி) போய்விடும். நீ அனுப்பியதில் குழந்தைகள் பாடும் 'பாப்ரிகா' இருக்கிறதே, 2018இல் யொனெஸு கென்ஷி எழுதியது, அது பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறது. ஹோஷினோ கென் பாடிய 'கோய்' பாட்டும் அப்படித்தான். பின்னால் டிரம்ஸும் கிடாரும் எவ்வளவு புதுசாக இருந்தாலும், வாய் பாடுவது பள்ளிக்கூடத்தில் பாட்டியும் பேத்தியும் பாடிய ஸ்வரங்கள். வாசம் அங்கிருந்துதான் வருகிறது.

மோகனம் என்று சொன்னதற்காக நம் மோகனத்தை அதில் தேடாதே. காந்தாரத்தை, அதாவது 'க'வை, நாம் அசைத்துப் பிடிப்போம், அவர்கள் நேராக வைத்துவிட்டுப் போவார்கள். ஸ்வரம் ஒன்று, வீடு வேறு.

அப்புறம் வகாக்கி பேண்ட். முதலில் கேட்டபோது ஒரே சத்தமாக இருக்கிறதே என்று நிறுத்திவிட்டேன். கோத்தோ என்ற நீளமான தந்தி வாத்தியம், ஷாகுஹாச்சி குழல், த்ஸுகாரு ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம், பெரிய தைக்கோ மேளம், கூடவே ராக் கிடாரும் டிரம்ஸும். எட்டுப் பேர் சேர்ந்து வாசித்தால் சத்தம் வராமல் என்ன செய்யும்? மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு அதில் பாடும் பெண்ணின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். சுஸுஹானா யூகோ. அவர் ஷிகின் பயின்றவர். ஷிகின் என்றால் பழைய கவிதையைத் தாளம் இல்லாமல் உயிரெழுத்தை நீட்டி நீட்டிப் பாடுவது, நம் விருத்தம் மாதிரி. அடி முடியும் இடத்தில் அவர் குரல் ஒரு சுழி போட்டு இறங்குவதைக் கவனி. அவர் பாடும் 'செம்போன்ஸகுரா' பாட்டு முதலில் மனிதர் பாடியதே இல்லை. 2011இல் ஹட்சுனே மிகு என்ற கம்ப்யூட்டர் குரலுக்காகக் குரோஉசா எழுதியது. அந்தக் குரலுக்கு அடிப்படையான வோகலாய்டு என்ற பாடும் மென்பொருள், நீ இருக்கும் ஹமாமட்சுவிலுள்ள யமஹாவின் தொழில்நுட்பம். தொண்டையே இல்லாமல் பிறந்த பாட்டுக்கு 2014இல் இந்தப் பெண் தொண்டை கொடுத்திருக்கிறார்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது கடைசிப் பாட்டுக்காக. 'ஷிமா உதா'. மற்றவற்றைவிடப் பழசு, 1992இல் வந்தது, தி பூம் குழுவினுடையது. அதை நேற்று மட்டும் ஏழெட்டு முறை கேட்டிருப்பேன். முதல் வரியிலேயே தூக்கிவாரிப் போட்டது. ச க ம ப நி. ரிஷபமும் இல்லை, தைவதமும் இல்லை. நம் கோயிலில் சாமி புறப்பாட்டின்போது நாகஸ்வரத்தில் மல்லாரி வாசிப்பார்களே, அந்தக் கம்பீரநாட்டை ராகத்தின் ஸ்வரங்கள். ஜப்பானின் தெற்கே இருக்கும் ஒகினாவா தீவுகளின் பாட்டு பலவும் இந்த வரிசையில்தான் ஊறிக் கிடக்கிறது. நமக்கு அது கம்பீரம், அவர்களுக்கு அது ஊர். ஷிமா என்றால் தீவு என்று நீ எழுதியிருந்தாய், சரிதான், ஆனால் ஒகினாவாவில் சொந்தக் கிராமத்தையும் ஷிமா என்றுதான் சொல்வார்களாம். ஆக அது ஊர்ப்பாட்டு.

எழுதிய மியாஸாவா கஸுஃபுமி ஒகினாவாக்காரர் இல்லை, ஜப்பான் பெருநிலத்தில் கோஃபு ஊர்க்காரர். ஒகினாவாவில், போரில் இறந்த மாணவிகளின் நினைவான ஹிமெயுரி அருங்காட்சியகத்துக்குப் போய், போரில் தப்பிப் பிழைத்த ஒரு மூதாட்டி சொன்னதைக் கேட்ட பிறகு எழுதியது இது. 1945இல் ஒகினாவாவில் போர் நடந்தபோது பள்ளி மாணவிகளும் ஆசிரியர்களுமாக 240 பேரை ராணுவ மருத்துவ வேலைக்குக் கூட்டிப் போனார்கள். 136 பேர் திரும்பவில்லை. நான் முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்தவள் தம்பி. அந்த எண்ணைப் படித்துவிட்டு, என் வகுப்பில் வரிசையாகப் பாய் போட்டு உட்கார்ந்த பிள்ளைகள் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

இப்போது பாட்டைத் திரும்பப் போட்டுக் கேள். நடுவில் கரும்புக் காட்டில் இருவர் சந்தித்து, அதன் அடியிலேயே விடைபெறும் இடம் வரும். காதல் பிரிவு போலத்தான் இருக்கும். ஆனால் அது அந்தப் போரில் குகைக்குள் ஒளிந்தவர்கள் ஒருவர் உயிரை ஒருவர் எடுத்துக்கொண்டதைப் பற்றியது. அந்த இடத்தில் மட்டும் அவர் ஒகினாவா ஸ்வரங்களை விலக்கிவிட்டு, ஜப்பான் பெருநிலத்தின் ஸ்வர வரிசைக்குப் போய்விடுகிறார். அந்தச் சாவுக்கு அவர்களைத் தள்ளியது எது என்பதை வார்த்தையில் சொல்லாமல் ஸ்வரத்தில் சொல்லியிருக்கிறார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அப்புறம் மறுபடி ச க ம ப நி வந்து சேரும்போதுதான் மூச்சு வந்தது.

பாட்டு தேய்கோ பூ பூத்ததில் தொடங்குகிறது. தேய்கோ நிறையப் பூத்த வருஷம் புயல் அதிகம் வரும் என்பது அங்கே சொல்வழக்கு. அது என்ன மரம் என்று தேடிப் பார்த்தால், நம் கொல்லையில் வேலியோரம் நிற்கும் கல்யாண முருங்கைதான்! உனக்குச் சளி பிடித்தால் அந்த இலையை அரைத்து அடை சுட்டுக் கொடுப்பேனே, அதேதான். மாசியில் மரம் முழுக்கச் சிவப்பாகப் பூத்து நின்றது. அப்போது எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

உன் ஊரிலேயே இசைக்கருவிகளுக்கென்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறதாமே, ஒரு சனிக்கிழமை போய்ப் பார். மூன்று தந்தி, பாம்புத் தோல் போர்த்திய சான்ஷின் இருந்தால் படம் எடுத்து அனுப்பு. அதிலிருந்துதான் ஷாமிசென் வந்தது.

இன்னொன்று. அந்தக் கரும்புக் காட்டு இடத்தையும், அதற்கு முந்தின இரண்டு வரியையும் நீயே பாடிப் பதிவு செய்து அனுப்பு. சுருதி விலகினாலும் பரவாயில்லை. சட்ஜத்தை, அந்த 'ச'வை, எங்கே வைக்கிறாய் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா